வளர்ப்பு நாய்க்குச் சட்டத்தில் என்ன உறவு?

நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் 2023 ஜூலை மாதம் ஒரு பெண் டாக்ஸ்ஹண்ட் இன நாயொன்றைக் கயிற்றில் பிடித்தபடி வீதியைக் கடந்துகொண்டிருந்தார். திரும்பி வந்த கார் நாயின் மேல் ஏறியது. நாய் இறந்தது; அவர் மயிரிழையில் தப்பினார். அந்த மாநிலத்தின் வழக்குச் சட்டப்படி, நெருங்கிய குடும்பத்தவர் ஒருவர் கொல்லப்படுவதைக் கண்ணெதிரே கண்டவர், தானும் அதே ஆபத்துக்குள் நின்றிருந்தால், மனவேதனைக்காக நட்டஈடு கோரலாம். அந்த நெருங்கிய குடும்பத்தவர் வரிசையில் நாயையும் வைக்கலாம் என்று 2025 ஜூனில் அங்குள்ள நீதிமன்றம் ஒன்று சொன்னது. நாய் குடும்ப உறுப்பினர்தான் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதாக அந்தச் செய்தி பல நாடுகளுக்கும் பரவியது.

தீர்ப்போ செய்தித் தலைப்பை விடக் குறுகலானது. அதை வழங்கியது முதல்நிலை நீதிமன்றம். மேல் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. கயிற்றைக் கையில் பிடித்திருந்து, தானும் அதே வாகனத்தின் பாதையில் நின்றவருக்கு மட்டுமே அது வழிவிட்டது. வீட்டிலிருந்தபடி செய்தியைக் கேட்டுத் துடித்தவருக்கு அதில் இடமில்லை. மதிலுக்கு வெளியே அடிபட்டுக் கிடந்த பூனைக்கும் இடமில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த வரிசையில் பேரப்பிள்ளைக்கே 2021 இல்தான் இடம் கிடைத்தது. மனித உறவுகளைக்கூட ஒவ்வொன்றாக எடைபோட்டுச் சேர்க்கும் சட்டம் அது.

இதே தீர்ப்பு இலங்கையிலும் வராதா என்று நாய் வளர்க்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். நானும் நாய் உள்ள வீட்டுக்காரன்தான். கேள்வியின் பின்னால் இருக்கும் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் செல்லப்பிராணியைச் சட்டம் குடும்ப உறுப்பினராக எழுதிக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. அதே அளவுக்கு, அதை ஒரு கதிரையைப் போலச் சட்டம் நடத்துவதிலும் உடன்பாடில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நல்ல இடமொன்று இருக்கிறது. பல நாடுகள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. நாம் இன்னும் புறப்படவே இல்லை.

ஆளும் பொருளும்

இலங்கையின் பொதுச் சட்டம் உரோமன்-டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் விட்டுச் சென்றதை ஆங்கிலேயர் தொடர்ந்தார்கள். எழுதப்பட்ட சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில் இன்றும் அதுவே பேசுகிறது. அதன் கண்ணில் ஆட்கள் ஒருபுறம், பொருட்கள் மறுபுறம். நாயும் பூனையும் கிளியும் பொருட்களின் பக்கத்தில் நிற்கின்றன. அசையும் சொத்து என்பதுதான் அவற்றின் சட்டப் பெயர்.

ஆகவே கொழும்பின் காலி வீதியில் உங்கள் நாயை ஒருவர் கவனயீனமாக மோதிக் கொன்றால், நீங்கள் கேட்கக்கூடியது அந்தச் சொத்தின் பெறுமதியையும், காப்பாற்ற முயன்றபோது செலவான பணத்தையும்தான். காசு கொடுத்து வாங்கிய உயர்சாதி நாய்க்கு ஒரு விலையைக் காட்டலாம். மழையில் நனைந்து கிடந்த குட்டியை ஒழுங்கையிலிருந்து தூக்கிவந்து பதினொரு ஆண்டுகள் வளர்த்தவர் என்ன விலையைக் காட்டுவார்? அவருடைய நாய்க்குச் சந்தையே இல்லை. சட்டத்தின் கணக்கில் அவர் இழந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

துயரத்துக்கு நட்டஈடு கேட்கலாமே என்றால், நியூயோர்க் தீர்ப்பு நமக்குப் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். கவனயீனத்தால் விளைந்த இழப்புக்கு நட்டஈடு கோரும் உரோமன்-டச்சுச் சட்டத்தின் அக்குயிலியா வழக்கு, பணமாக அளக்கக்கூடிய இழப்பை மட்டுமே ஈடுசெய்கிறது. தவறான சிகிச்சையால் தன் பிள்ளை இறந்ததாக ஒரு தந்தை தொடுத்த வழக்கில், பாசத்தையும் துணையையும் இழந்ததற்கு அந்த வழியில் நட்டஈடு பெற முடியாது என்ற நிலையையே 2001 இல் உயர் நீதிமன்றம் எடுத்தது. நாயைப் பற்றியல்ல, பெற்ற பிள்ளையைப் பற்றிய வழக்கு அது. இந்தக் குறையைத் தீர்க்க நாடாளுமன்றம் சட்டமியற்ற வேண்டியிருந்தது. ஆளொருவரின் மரணத்துக்காக நட்டஈடு அறவிடுவது பற்றிய 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் பிறகுதான், நெருங்கிய உறவினர் பாசத்தின் இழப்புக்காகவும் நட்டஈடு கோர முடிந்தது.

இடையில் கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள். தாய், தந்தை, பிள்ளை என்ற உறவுகளின் துயரத்தையே அண்மையில்தான் ஏற்றுக்கொண்ட சட்டத்திடம் போய், நாயும் குடும்பம்தான் என்று சொன்னால் அது எந்தக் கதவைத் திறக்கும்? 2019 சட்டம் பேசுவது ஆளின் மரணத்தைப் பற்றி. நாய் ஆள் அல்ல என்பதோடு அந்த வழி முடிந்துவிடும்.

யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு இதில் இன்னொரு மடிப்பும் உண்டு. அவர்களுடைய வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட தம்பதியர், திருமண வாழ்வின்போது தம் தனிச் சொத்தைச் சாராத பணத்தில் எதையாவது வாங்கினால் அது தேடியதேட்டம். 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1947 இல் வந்த திருத்தமும் அதற்கு வரையறை தந்திருக்கின்றன. அந்த வரையறையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், கல்யாணத்துக்குப் பிறகு சம்பளக் காசில் வாங்கிய நாய்க்குட்டி தேடியதேட்டத்துக்குள் வருகிறது. நண்பர் அன்பளிப்பாகக் கொடுத்த குட்டி வராது. (கொழும்பில் தலைமுறைகளாக வாழும் குடும்பத்துக்குத் தேசவழமை இன்னும் பொருந்துமா என்பது தனியாக வாதாட வேண்டிய விடயம், மலையகத் தமிழருக்கு அது பொருந்தவே பொருந்தாது.) காணிக்கும் நகைக்கும் எழுதப்பட்ட விதிக்குள் வாலாட்டும் ஓர் உயிரைத் திணிக்க வேண்டியிருக்கிறது. யாருடைய மடியில் அது உறங்குகிறது, யாருடைய குரலுக்கு ஓடிவருகிறது என்பதைக் கேட்க அந்த விதியில் ஒரு வரியும் இல்லை.

விவாகரத்து வழக்குகளில் நீதிபதியின் கை கட்டப்பட்டிருப்பது இதனால்தான். பிள்ளை யாரோடு இருக்க வேண்டும் என்று கேட்டால், கொழும்பின் புதுக்கடை நீதிமன்றம் பிள்ளையின் நலனைப் பார்க்கும். நாய் யாரோடு இருக்க வேண்டும் என்று கேட்டால், பற்றுச்சீட்டு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு அளவுகோல் இல்லை. வாங்கியவர் கணவராக இருக்கலாம். தினமும் சோறு பிசைந்து வைத்து, உண்ணி பொறுக்கி, இரவில் காய்ச்சலுக்கு மருந்து ஊட்டியவர் மனைவியாக இருக்கலாம்.

நூறு ரூபாய்ச் சட்டம்

குடும்பச் சட்டத்தை விட்டுக் குற்றவியல் சட்டத்துக்கு வந்தாலும் நிலைமை நல்லதாக இல்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பிறருடைய விலங்கைக் கொல்வதையும் முடமாக்குவதையும் சொத்துச் சேதத்தோடு சேர்த்துப் பார்க்கிறது. அங்கே பாதிக்கப்பட்டவர் உரிமையாளர்.

விலங்கின் வலியைப் பற்றி நேராகப் பேசும் சட்டம், மிருகவதைத் தடுப்பு பற்றிய 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கொழும்பில் பலருடைய திருமணங்களைப் பதிவுசெய்யும் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும் அதே 1907 இல் பிறந்ததுதான். மிருகவதைக்கு அந்தச் சட்டம் விதிக்கும் உச்சத் தண்டனை 100 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். 1907 இல் நூறு ரூபாய் என்பது ஒரு தொழிலாளியின் பல மாத உழைப்பு. இன்று வெள்ளவத்தையில் ஒரு பால்தேநீரோடு அது கரைந்துவிடும். ஒரு நாயின் மேல் கொதிநீரை ஊற்றியவர் நீதவான் முன் நிறுத்தப்பட்டு, தொகையைச் செலுத்திவிட்டு வீட்டுக்குப் போக முடிகிறது என்றால், நாம் வெட்கப்பட வேண்டும்.

இதை மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. சட்ட ஆணைக்குழு 2006 இல் விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்து கொடுத்தது. 2010 இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பௌத்த பிக்கு அத்துரலியே ரத்தன தேரர் அதைத் தனிநபர் சட்டமூலமாக நாடாளுமன்றத்தில் முன்வைத்தார். 2016 இல் அமைச்சரவை ஒப்புதலும் கிடைத்தது. விலங்கை வைத்திருப்பவருக்கு உணவு, தண்ணீர், உறைவிடம், சிகிச்சை ஆகியவற்றைக் கொடுக்கும் கடமை உண்டு என்பது அந்த வரைவின் அடிப்படை. கொடுமை செய்யாதே என்று மட்டும் சொல்லும் பழைய சட்டத்துக்கும், ஒழுங்காகப் பராமரி என்று சொல்லும் இந்த வரைவுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. வரைந்து கொடுத்த பிறகும் ஆண்டுக்கணக்காக அது சட்டமாகாமல் கிடந்ததுதான் செல்லப்பிராணிகள் விடயத்தில் நம் நாட்டின் மிகப் பெரிய தவறு என்று நான் கருதுகிறேன்.

மற்ற நாடுகள் போய்ச் சேர்ந்த இடம்

வெளிநாடுகளில் நாயும் பூனையும் குடும்ப உறுப்பினர்களாகிவிட்டன என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. சட்டங்களை எடுத்துப் பார்த்தால் கதை வேறு. ஒஸ்திரியா 1988 இலும் ஜேர்மனி 1990 இலும் தமது சிவில் சட்டங்களில் விலங்குகள் பொருட்கள் அல்ல என்று எழுதின. சுவிற்சர்லாந்து 2003 இல் அதே வழியில் சென்றது. பிரான்ஸ் 2015 இல் விலங்குகளை உணர்வுள்ள உயிர்கள் என்று தன் சிவில் சட்டக்கோவையில் குறித்தது. 2017 இல் போர்த்துக்கல்லும் அவ்வாறே செய்தது. இவற்றில் எதுவும் குடும்ப உறுப்பினர் என்று சொல்லவில்லை. வேறு சட்டம் இல்லாத இடத்தில் சொத்துக்கான விதிகளே தொடர்ந்து பொருந்தும் என்ற வாசகமும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆளும் இல்லை, வெறும் பொருளும் இல்லை என்ற மூன்றாவது இடத்தை அந்த நாடுகள் உருவாக்கியிருக்கின்றன.

அந்த மூன்றாவது இடத்துக்கு நடைமுறையில் என்ன பயன் என்பதை ஸ்பெயின் தெளிவாகக் காட்டுகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் சட்டத்தின்படி, தம்பதியர் பிரியும்போது செல்லப்பிராணி யாரோடு இருக்க வேண்டும் என்பதை நீதிபதி அந்த விலங்கின் நலனையும் கணக்கில் எடுத்துத் தீர்மானிக்கிறார். அமெரிக்காவில் 2017 இல் அலாஸ்கா இதைத் தொடங்கியது; 2019 இல் கலிபோர்னியா பின்தொடர்ந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2024 ஜனவரியில் தன் குடும்பச் சட்டத்தைத் திருத்தியது. அவுஸ்திரேலியாவின் திருத்தம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது: யார் பராமரித்தார், வீட்டில் வன்முறை இருந்ததா, விலங்கு கொடுமைக்கு ஆளானதா என்பதையெல்லாம் அங்கே நீதிமன்றம் பார்க்கிறது. ஆனாலும் அந்நாட்டுச் சட்டத்தில் நாய் இன்னமும் சொத்துதான். வாரம் மாறி வாரம் இருவரும் வைத்திருக்கலாம் என்று கட்டளையிட நீதிபதிக்கு அதிகாரம் இல்லை.

நமக்கு மிக நெருங்கிய இந்தியாவில் நீதிமன்றங்கள் முன்னும் பின்னுமாக நடந்திருக்கின்றன. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 இல் இந்திய உச்ச நீதிமன்றம் விலங்குகளின் கண்ணியத்தையும் அரசியலமைப்பையும் இணைத்துப் பேசியது. 2023 இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதோடு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்னுதாரணம் இல்லை என்றது. 2022 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு நம் கேள்விக்கு இன்னும் அருகில் நிற்கிறது. உணவு கொண்டுசென்ற இளைஞரின் மோட்டார்சைக்கிள் குறுக்கே பாய்ந்த தெருநாயில் மோதியது, நாய் இறந்தது. மனித உயிருக்கு ஆபத்து விளைவித்தல் பற்றிய பிரிவுகளின் கீழ் பொலிஸார் அவர்மீது வழக்குப் பதிந்தார்கள். வளர்ப்பவர்கள் நாயைப் பிள்ளையாக எண்ணலாம், ஆனால் நாய் மனிதர் அல்ல என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை இரத்துச் செய்தது. அந்த இளைஞருக்கு 20,000 ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டது. பாசத்தை எழுத்துக்கு எழுத்துச் சட்டமாக்கினால், வயிற்றுப்பாட்டுக்கு ஓடும் ஓர் இளைஞர் குற்றவாளியாகிவிடுவார் என்பதை அந்த வழக்கில் பார்க்கிறேன்.

குடும்பம் என்ற சட்டை ஏன் பொருந்தாது

நம் சமூகம் யாரை உறவு என்று எண்ணுகிறது என்பதை அறிய ஒரு மரண அறிவித்தலை வாசித்தால் போதும். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் மைத்துனரும் என்று அது நீண்டுகொண்டே போகும். பெயர் வந்த ஒவ்வொருவருக்கும் ஏதோவொரு கடமை இருக்கிறது: துடக்குக் காப்பது, கொள்ளி வைப்பது, அந்தியேட்டி செய்வது, முப்பத்தோராம் நாள் பந்தியில் நிற்பது. நம்மிடையே உறவு என்பது ஒருவருக்கு ஒருவர் பட்ட கடன். நாய் அந்தக் கடனில் பங்கேற்க முடியாது. அது கொடுக்கும் அன்புக்குக் குறைவொன்றும் இல்லை. அந்த அன்புக்கு நாம் பதிலாகச் செய்ய வேண்டியது வேறு வகையைச் சேர்ந்தது.

நடைமுறையிலும் பாருங்கள். நாய்க்கு அதன் சம்மதமின்றிக் கருத்தடை செய்கிறோம். ஒரு மனிதருக்கு அப்படிச் செய்தால் பெருங்குற்றம். நாய்க்குச் செய்யாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குட்டிகள் அட்டைப்பெட்டியில் சந்தையடியில் விடப்படும். தீராத புற்றுநோயில் முனகும் நாயை மிருக வைத்தியர் ஊசியால் அமைதியாகத் தூங்கவைக்கலாம். மனிதருக்கு நம் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. நாயின் விடயத்தில் அந்த அனுமதி ஒரு கருணை. அதைப் பயன்படுத்த நேர்ந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

அயலவர் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். உங்கள் நாய் தெருவில் போகும் பிள்ளையைக் கடித்தால், நீங்கள் கவனயீனமாக இருந்தீர்களா என்று கேட்காமலேயே உரிமையாளர் என்ற முறையில் உங்களைப் பொறுப்பாக்கும் பழைய வழக்கு வகையொன்று உரோமன்-டச்சுச் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் வயதுவந்த தம்பி ஒருவரை அடித்தால், அண்ணன் என்ற காரணத்துக்காக மட்டும் நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள். நாய் சொத்து அல்ல, உறவு மட்டுமே என்றாகிவிட்டால் கடிபட்ட பிள்ளையின் பெற்றோர் யாரிடம் போவார்கள்? நீர்வெறுப்பு நோய் இன்னும் ஒழியாத நாட்டில் இது சின்னக் கேள்வி அல்ல. 1970களில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற நோய், தடுப்பூசியாலும் நாய்களை வளர்ப்போர் மீது சுமத்தப்பட்ட பொறுப்பாலும் இன்று சில பத்து மரணங்களாகக் குறைந்திருக்கிறது. 1893 ஆம் ஆண்டின் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டமும் 1901 ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் உரிமையாளர் என்ற ஒருவர் இருக்கிறார் என்பதை நம்பியே எழுதப்பட்டவை.

இன்னொரு வரிசையும் இருக்கிறது. பத்து ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்து, பதிவுத் திருமணம் செய்துகொள்ளாத ஒருவர், துணை இறக்கும்போது இலங்கைச் சட்டத்தில் வாரிசு அல்ல. ஒருபால் துணைவர்களைத் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் குற்றவாளிகளாகவே வைத்திருக்கிறது. இவர்கள் வாசலில் நிற்கும்போது நாய்க்கு உள்ளே இடம் கேட்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. விலங்குக்காக வாதாடுவோர் சிலர் அடிமை முறையை ஒப்பிட்டு, ஒருகாலத்தில் மனிதரும் சொத்தாக இருந்தவர்கள்தானே என்று கேட்பார்கள். தேசவழமையிலேயே அடிமைகளைப் பற்றிய பகுதி உண்டு. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல். அந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. சாதியின் பெயரால் அடிமையாக்கப்பட்டவர்கள் தமக்காகத் தாமே பேசவும் போராடவும் கூடிய மனிதர்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். நாயின் வழக்கை வலுப்படுத்த அவர்களுடைய வரலாற்றை இழுப்பது, பழைய அவமதிப்பை இன்னொரு தடவை செய்வதாகும்.

எனக்கு மிகவும் உறுத்துவது தெருநாயின் நிலை. 2006 இல் தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்திய பிறகு, கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்றாயிற்று. கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் ஒழுங்கைக்கு ஒரு நாயாவது இருக்கிறது. முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் பகலும், கடை வாசலில் இரவும் அது கழிக்கும். மூன்று வீடுகள் சோறு வைக்கும். எந்த வீடும் உரிமை கோராது. குடும்ப உறுப்பினர் என்ற அந்தஸ்தைச் சட்டம் கொடுத்தால் அது குளிரூட்டிய அறையில் படுக்கும் நாய்க்குக் கிடைக்கும்; ஒழுங்கை நாய்க்கு ஒன்றும் கிடைக்காது. வலி இரண்டுக்கும் ஒன்றுதான். உணர்வுள்ள உயிர் என்ற அந்தஸ்து இரண்டையும் ஒருசேரக் காக்கும். மனிதப் பாசத்தை அளவுகோலாக வைத்தால், பாசம் கிடைக்காத விலங்குக்குச் சட்டமும் கிடைக்காமல் போகும்.

எல்லாளனின் ஆராய்ச்சி மணியைக் கன்றை இழந்த பசு தானே வந்து அடித்தது என்று மகாவம்சம் சொல்கிறது. மன்னன் அதை யாருடைய உறவென்று கேட்கவில்லை. அதற்கு நேர்ந்த அநீதியைக் கேட்டான்.

கொழும்பில் சட்டம் தேவைப்படும் இடங்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் வீடு தேடியவர்களுக்கு, நாய் பூனை கூடாது என்ற நிபந்தனை புதிதல்ல. தொடர்மாடியை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் விதி என்பார்கள், அல்லது வீட்டு உரிமையாளரின் விருப்பம் என்பார்கள். குரைப்பும் மாடிப்படியில் அசுத்தமும் அயலவருக்கு உண்மையான தொல்லைகள். அவற்றை மறுக்க முடியாது. ஆனால் தொல்லை நடந்த பிறகு நடவடிக்கை எடுப்பது வேறு; விலங்கு இருப்பதையே தடைசெய்வது வேறு. தடுப்பூசி போட்டு, பதிவுசெய்து, கயிற்றில் கொண்டுசெல்லும் நாயை வைத்திருக்கலாம் என்று பொதுவிதி ஒன்று வகுத்தால், வாடகை மாறும்போதெல்லாம் நாய்கள் தெருவுக்கு வருவது குறையும்.

அடுத்தது மரணம். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, கொழும்பில் தனியே வாழும் அம்மாவுக்கு ஒரு நாய் மட்டும் துணை என்பது நம்மில் எத்தனையோ வீடுகளின் நிலை. அம்மா கண்மூடியதும் பிள்ளைகள் பறந்துவந்து, செத்தவீடு முடித்து, வீட்டை விற்க ஆயத்தமாவார்கள். அந்த நாயை என்ன செய்வது என்ற கேள்வி கடைசி நாள் மாலையில்தான் எழும். இலங்கையில் மரணசாசனம் எழுதுபவருக்கு, தன் சொத்தை விரும்பியவருக்கு விடும் சுதந்திரம் 1844 முதல் உண்டு. ஆனால் நாய் ஆள் அல்ல என்பதால் அதன் பெயருக்கு எதையும் விட முடியாது. அமெரிக்காவில் ஹோட்டல் உரிமையாளர் லியோனா ஹெல்ம்ஸ்லி தன் நாய்க்காக 1 கோடி 20 இலட்சம் டொலரை நம்பிக்கைப் பொறுப்பில் விட்டார். 2008 இல் நீதிபதி அதை 20 இலட்சமாகக் குறைத்தார். அவ்வளவு பணமெல்லாம் இங்கே தேவையில்லை. விலங்கைப் பராமரிக்க ஒருவரையும் அதற்கான தொகையையும் குறித்தால், அந்தத் தொகை அதற்கே செலவாகிறதா என்று பார்க்க ஒரு எளிய ஏற்பாட்டைச் சட்டம் செய்துதர வேண்டும்.

புலம்பெயர்வும் ஏறக்குறைய மரணத்தைப் போலவே நாயைத் தாக்குகிறது. விசா விண்ணப்பத்தின் தங்கிவாழ்வோர் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. கொண்டுபோக விரும்புபவருக்கு வழி இருக்கிறது; ஆனால் நீளமானது. பிரித்தானியாவுக்கு என்றால் நுண்சில்லு, தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பு. விசா வந்த பிறகு தொடங்கினால் காலம் போதாது. விண்ணப்பிக்கும் நாளிலேயே இதையும் தொடங்க வேண்டும்.

வெள்ளத்தை மறக்க முடியாது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையை மூழ்கடித்ததை நாம் பார்த்தோம். அமெரிக்காவில் 2005 இன் கத்ரீனா சூறாவளியின்போது செல்லப்பிராணியை விட்டு வர மறுத்துப் பலர் வீட்டிலேயே தங்கினார்கள். மறு ஆண்டே, அனர்த்தத் திட்டங்களில் செல்லப்பிராணிகளை வெளியேற்றும் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று அந்த நாடு சட்டமியற்றியது. நாயை விட்டு வர மறுப்பவர் தன் உயிரோடு மீட்புப் படகில் வந்தவர்களின் உயிரையும் ஆபத்தில் வைக்கிறார் என்பதால், இது மனித உயிர்காக்கும் சட்டம்தான். நம் பிரதேச செயலகங்களின் திட்டங்களில் ஒரு பத்தியைச் சேர்த்தாலே தொடங்கிவிடலாம்.

வீட்டு வன்முறை பற்றிக் கொழும்பில் வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. நீ போனால் நாயைக் கொல்வேன் என்ற மிரட்டலால் வீட்டை விட்டு வெளியேறாத பெண்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மேய்ன் மாநிலம் 2006 இலேயே, பாதுகாப்புக் கட்டளையில் செல்லப்பிராணியையும் சேர்க்க நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்தது. நம்முடைய 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மனரீதியான துன்புறுத்தலையும் வன்முறையாக ஏற்கிறது. அந்த வாசலால் இப்போதே இந்த மிரட்டலை நீதவான் முன் கொண்டுபோகலாம் என்பது என் வாசிப்பு. சட்டத்தரணிகள் துணிந்து முயல வேண்டும்.

ஆக, என் கோரிக்கைகளின் வரிசை இது: முதலில் 1907 ஆம் ஆண்டின் மிருகவதைச் சட்டத்தை நீக்கிவிட்டுப் பராமரிப்புக் கடமையைச் சட்டமாக்குங்கள். பிறகு விவாகரத்து வழக்கில் விலங்கின் நலனைப் பார்க்க நீதிபதிக்கு அனுமதி கொடுங்கள். அதன்பின் மரணசாசனம், வாடகை, அனர்த்தம். துயரத்துக்கான நட்டஈட்டைப் பற்றிக் கடைசியில் பேசலாம். அது வளர்ப்பவருக்குப் போகும் பணம். இறந்த நாய்க்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

சட்டம் மாறும்வரை வளர்ப்பவர்கள் சில தாள்களைச் சரிசெய்து வைத்துக்கொள்ளலாம். மாநகர சபைப் பதிவும் தடுப்பூசிப் புத்தகமும் உண்மையில் பராமரிப்பவரின் பெயரில் இருக்கட்டும். பிணக்கு வந்தால் பற்றுச்சீட்டோடு அவற்றையும் நீதிமன்றத்தில் காட்டலாம். வாடகை ஒப்பந்தத்தில் விலங்கு இருப்பதை எழுத்தில் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மரணசாசனம் எழுதுபவர், நாயை யாரிடம் ஒப்படைக்கிறார், அதற்கு எவ்வளவு ஒதுக்குகிறார் என்று இரண்டு வரி சேர்க்கட்டும். பெயர் குறிக்கப்படுபவரிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் பெற்றிருக்க வேண்டும்.